கீமோ நாட்களில் ஏஐ ஆப்: வீட்டில் துணைக்கு இருப்பவருக்கான முழு வழிகாட்டி

அக்காவுக்குப் புற்றுநோய். எட்டு சைக்கிள் கீமோ, அதாவது மருந்து ஏற்றும் எட்டுச் சுற்று. மூன்று வாரத்துக்கு ஒன்று வீதம், திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு நான்தான் கூட்டிப் போனேன். கீமோ ஏற்றும் டே கேர் வார்டு வாசலில் காத்திருக்கும் நேரத்தில் பக்கத்து பெஞ்சில் இருப்பவர்களின் போனில் சாட்ஜிபிடி மாதிரி ஏஐ ஆப் போட்டுக் கொடுக்கும் வேலையும் எப்படியோ என் தலையில் விழுந்தது. கடைசியில் செய்ய வேண்டியதைத்தான் எல்லாரும் முதலில் செய்கிறார்கள். ஆப்பை இறக்கிய கையோடு "இந்த ஸ்டேஜ்னா பிழைப்பாங்களா?" என்று கேட்கிறார்கள். வருகிற பதிலைப் படித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, மறுநாள் ஆப்பையே அழித்துவிடுகிறார்கள். மாத்திரை அலாரம், மாலைக் குறிப்பு, டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் என்று அது உருப்படியாகச் செய்யும் வேலைகளுக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். முதல் கீமோவுக்கு இரண்டு நாள் முன்பே 1 முதல் 4 வரை முடித்துவிடுங்கள். கீமோ அன்று வீட்டில் யாருக்கும் பொறுமை இருக்காது.

1. ஆப்புக்கு முன் ஒரு தாள்

முதல் வேலைக்குப் போனே தேவையில்லை. ஒரு வெள்ளைத் தாளும் மார்க்கர் பேனாவும் போதும். வார்டு நர்ஸிடமோ டாக்டரிடமோ நான்கு விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை டிகிரி காய்ச்சலுக்குக் கிளம்பி வர வேண்டும்? பகலில் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது? இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் எந்த எண்? இரவில் வந்தால் எந்த வாசலில் யாரைப் பார்ப்பது?

பெரும்பாலும் சொல்லும் அளவு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ். உங்கள் டாக்டர் வேறு எண் சொன்னால் அதுதான் கணக்கு. கீமோ ஏறிய பிறகு ஏறக்குறைய 7-ம் நாளிலிருந்து 14-ம் நாள் வரை வெள்ளணுக்கள் ரொம்பவும் இறங்கிவிடும். அந்த நேரத்தில் கிருமி புகுந்தால் சீழ், வீக்கம், சளி எதுவுமே தெரியாமல் காய்ச்சல் மட்டும் வரலாம். வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்றிவிட வேண்டும் என்றுதான் ஆஸ்பத்திரியில் பார்ப்பார்கள். உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு சுமார் 40 கிலோமீட்டர். ஆப்பிடம் கேட்டு, அது திருப்பி நான்கு கேள்வி கேட்டு, அதற்கெல்லாம் பதில் சொல்லி முடிக்கிற நேரத்தில் வண்டி செக்கானூரணியைத் தாண்டியிருக்க வேண்டும்.

அதே தாளில் இவற்றையும் எழுதுங்கள்: உடம்பு நடுக்கம், மூச்சு வாங்குதல், ஈறிலோ மூக்கிலோ நிற்காத ரத்தம், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, வழக்கத்தைவிட நான்கு தடவைக்கு மேல் வயிற்றுப்போக்கு, மருந்து ஏற்றிய இடத்தில் எரிச்சலும் வீக்கமும். இதில் எது வந்தாலும் முதலில் வார்டுக்குப் போன் போட வேண்டும். நிலைமை மோசமாகத் தெரிந்தால் 108. ஆப்பைத் திறக்கவே கூடாத இடங்கள் இவை.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று அளந்து பார்க்காமலே ஒரு பாராசிட்டமால் கொடுத்துவிடுகிறார்கள். மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும், கிருமி உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருக்கும். முதலில் அளங்கள், அப்புறம் வார்டுக்குப் பேசுங்கள், அவர்கள் சொன்னால் மாத்திரை.

தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். அதைப் படம் எடுத்துப் போனின் லாக் திரையிலும் வைத்துவிடுங்கள். நெட் இல்லாவிட்டாலும் அது தெரியும்.

2. கையில் இருக்க வேண்டியவை

டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று, எடை பார்க்கும் மெஷின் ஒன்று, நீள நோட்டு ஒன்று, ரிப்போர்ட் வைக்க பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று. நெற்றிக்கு நேரே பிடிக்கும் துப்பாக்கி மாதிரி கருவியை நம்ப வேண்டாம். சித்திரை வெயிலில் ஆட்டோவிலிருந்து இறங்கியவரின் நெற்றியைக் காட்டினால் அது என்னென்னவோ சொல்லும். வெளியே போய் வந்தால் கால் மணி நேரம் உட்கார வைத்து அளங்கள். சூடாக டீயோ குளிர்ச்சியாக ஏதாவதோ குடித்திருந்தால் வாயில் வைக்கவும் அதே இடைவெளி வேண்டும். அக்குளில் வைத்தால் வாயில் காட்டுவதைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டும். அதனால் எங்கே வைத்து அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள், தினமும் ஒரே இடத்தில் அளங்கள்.

போன் யாருடையது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். மகன் போனில் பாதி, மருமகள் போனில் பாதி என்று குறிப்பு இருந்தால் அது இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். ஒரே போன், ஒரே ஆள். அவர் வேலைக்குப் போகும் நேரத்துக்கு நோட்டு இருக்கிறது. நோட்டில் எழுதியதை மாலையில் அவர் ஏற்றிக்கொள்ளலாம்.

3. எந்த ஆப், எத்தனை ஆப்

உங்கள் ஆஸ்பத்திரியே ஓர் ஆப்போ வாட்ஸ்அப் எண்ணோ கொடுத்து, நீங்கள் எழுதுவதை அங்கே ஒரு நர்ஸ் பார்ப்பதாக இருந்தால் முதலிடம் அதற்குத்தான். காரணத்தை ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் கீமோ எடுத்த 766 பேரைக் கொண்டு நடந்தது, முடிவு 2017-ல் வெளியானது. தங்கள் தொந்தரவுகளை இணையத்தில் பதிந்து வந்தவர்களில் பாதிப் பேர் 31.2 மாதத்துக்கு மேலும், வழக்கமான முறையில் கவனிக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் 26 மாதத்துக்கு மேலும் உயிர் வாழ்ந்தார்கள். அதில் ஏஐ எதுவும் இல்லை, சாதாரணக் கேள்வித்தாள்தான். ஆனால் தொந்தரவு கூடினால் நர்ஸுக்குத் தகவல் போனது, அவர் நோயாளியைக் கூப்பிட்டார். நம் போனில் இருக்கும் சாட்ஜிபிடியோ ஜெமினியோ யாரையும் கூப்பிடாது. அந்த வேலை நம்முடையது.

அப்படி ஒரு வசதி இல்லையென்றால் இரண்டே ஆப் போதும்: தமிழில் பேசினால் புரிந்துகொள்ளும் பொதுவான சாட் ஆப் ஒன்று, மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஆப் ஒன்று. போனில் ஏற்கெனவே இருக்கும் அலாரமே இரண்டாவது வேலைக்குப் பல பேருக்குப் போதுமானது. "புற்றுநோயைக் குணமாக்கும் ஏஐ" என்று விளம்பரம் வந்தால் அதை இறக்காதீர்கள். கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுக் கீழே சத்து மாவும் கேப்சூலும் விற்கும் ஆப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இறக்கியதும் ஒரு சோதனை. ஆஸ்பத்திரியில் உங்களுக்கு ஏற்கெனவே விளக்கிச் சொன்ன ஒரு விஷயத்தைத் தமிழில் கேட்டுப் பாருங்கள். பதிலில் பாதி ஆங்கிலமாகவோ, வாசித்தால் நாக்கு சுளுக்கும் தமிழாகவோ வந்தால் அடுத்ததைப் பாருங்கள்.

4. பெயரை மறைப்பது, குரலை அணைப்பது

ரிப்போர்ட்டைப் படம் எடுத்து ஏற்றும்போது மேல்பகுதியில் பெயர், வயது, போன் எண், ஓ.பி. எண் எல்லாம் இருக்கும். அதன் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துவிட்டுப் படம் எடுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை, ஆதார், குடும்ப அட்டை இவற்றை ஏற்றவே வேண்டாம். அவற்றில் ஆப்புக்கு ஒரு வேலையும் இல்லை. அமைப்புகளுக்குள் போய், உங்கள் உரையாடலைப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் விருப்பத்தை அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை. நம் ஊர்ப் பக்கத்து வீடுகள் பலவற்றில் நோயாளியிடம் "கட்டி" என்று மட்டும் சொல்லியிருப்பார்கள். பெஞ்சில் ஒருநாள் ஒரு பையன் தன் அப்பாவின் ரிப்போர்ட்டை ஏற்றினான். போன் சத்தமாகத் தமிழில் வாசிக்க ஆரம்பித்தது. "புற்றுநோய்" என்ற வார்த்தை வந்ததும் அப்பா திரும்பிப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. அன்று முழுக்க அந்தப் பையனும் வாய் திறக்கவில்லை.

சொல்லிவிடுவதுதான் நல்லது என்பது என் எண்ணம். அதை டாக்டரையும் வைத்துக்கொண்டு, நேரம் பார்த்து, வீட்டு மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். போன் சொல்லக் கூடாது. வாசித்துக் காட்டும் வசதியை அணையுங்கள், அல்லது ஹெட்போன் போடுங்கள். திரையில் மேலே வந்து விழும் அறிவிப்புகளையும் நிறுத்திவிடுங்கள்.

5. மருந்துச் சீட்டை அலாரமாக்குவது

ஆப் நிஜமாகவே உதவும் இடம் இது. மோசமாகச் சொதப்பும் இடமும் இதுவே.

முதலில் வாங்கி வந்த மாத்திரைகளை எல்லாம் பாயில் பரப்புங்கள். சீட்டைப் படம் எடுத்து, "இதில் உள்ளதை மருந்து, அளவு, எந்த நாள், எந்த நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று அட்டவணையாகப் போடு. தெளிவாகத் தெரியாததை ஊகிக்காதே, 'தெரியவில்லை' என்று எழுது" என்று கேளுங்கள். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அதைச் சொல்லாவிட்டால் டாக்டரின் கிறுக்கலுக்கு அது தானாக ஒரு மருந்தைக் கண்டுபிடித்துவிடும்.

அட்டவணை வந்ததும் ஒவ்வொரு வரியையும் கையில் இருக்கும் அட்டையோடு ஒப்பிடுங்கள். பெயரின் ஒவ்வோர் எழுத்தும், மில்லிகிராம் எண்ணும், புள்ளி இருக்கிறதா என்பதும் சரியாக இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் மெடிக்கல் கடையிலோ வார்டிலோ கேளுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் அலாரம்.

நான் பார்த்த தவறுகள்:

சீட்டில் "எஸ்.ஓ.எஸ்." என்று இருந்தால் தேவைப்பட்டால் மட்டும் என்று அர்த்தம். மேலூர்ப் பக்கத்து அண்ணன் ஒருவருக்கு ஆப் அதைத் தினசரி மூன்று வேளையாக வைத்துவிட்டது. மாத்திரையோ வாந்திக்கான ஒண்டன்செட்ரான், மலச்சிக்கலைக் கொண்டுவரும். நான்கு நாள் வயிறு போகாமல் அவஸ்தைப்பட்டார். "கீமோதான் காரணம்னு நினைச்சேன் தம்பி" என்றார்.

கேபசிடபின் மாதிரி மாத்திரைக் கீமோவைப் பல திட்டங்களில் 14 நாள் சாப்பிட்டு 7 நாள் விடுவார்கள். அலாரத்தில் முடிவு தேதி போடாவிட்டால் 15-ம் நாளும் அது அடிக்கும், வீட்டில் இருப்பவர் கடமை தவறாமல் மாத்திரையை எடுத்து நீட்டுவார். கீமோ மாத்திரையைப் பொறுத்தவரை தொடங்கும் தேதியைவிட நிறுத்தும் தேதியைத்தான் இரண்டு தடவை பார்க்க வேண்டும். சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் போட வேண்டிய மாத்திரை அது. அதனால் அலாரத்தைச் சாப்பாட்டு நேரத்துக்கு வையுங்கள், மாத்திரை நேரத்துக்கு வேண்டாம்.

கீமோவோடு தரும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தூக்கத்தைக் கெடுக்கும். "1-0-1" (காலை ஒன்று, இரவு ஒன்று) என்று இருந்தால் ஆப் இரவு ஒன்பது மணிக்கு வைத்துவிடும். அக்கா முதல் சைக்கிளில் இரண்டு ராத்திரி கொட்டக் கொட்ட விழித்திருந்தார். டாக்டரிடம் கேட்டோம், இரண்டாவது வேளையை மதியத்துக்கு மாற்றிக் கொடுத்தார். நீங்களாக மாற்றாதீர்கள், கேட்டு மாற்றுங்கள்.

வெள்ளணுவை ஏற்றும் ஃபில்கிராஸ்டிம் ஊசி கொடுத்திருந்தால், கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்துத்தான் அதைத் தொடங்குவார்கள். கீமோ முடிந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு அதிலிருந்து அலாரம் வையுங்கள். மதுரையில் வாங்கி ஊருக்குக் கொண்டுபோவதாக இருந்தால் ஐஸ் பேக்கோடு எடுத்துப் போங்கள், ஊசி நேரடியாக ஐஸில் படக் கூடாது. வீட்டில் ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. ஊரில் ஊசி போட யார் வருவார் என்பதை முதல் நாளே பேசி வைத்துவிடுங்கள்.

அலாரத்துக்குப் பெயர் வைக்கும்போது "பச்சை அட்டை, சாப்பிட்ட பிறகு 1" என்று எழுதுங்கள். வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு மருந்தின் பெயர் வாயில் நுழையாது, பச்சை அட்டை தெரியும். அடுத்த மாதம் கடையில் வேறு கம்பெனி அட்டை கொடுத்தால் பெயரை மாற்ற மறக்காதீர்கள்.

கடைசியாக, போனின் பேட்டரி சேமிப்பு. நிறைய ஆண்ட்ராய்டு போன்கள் பின்னணியில் இருக்கும் ஆப்பைத் தூங்க வைத்துவிடும், அலாரம் அடிக்காது. அமைப்புகளில் அந்த ஆப்புக்குக் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றிவிட்டு, திரையை அணைத்து ஒரு மணி நேரம் வைத்திருந்து, ஒரு பொய் அலாரம் வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

6. மாலை ஏழு மணிக் குறிப்பு

இரண்டாவது சைக்கிளின் ஒன்பதாம் நாள். அக்காவிடம் போனைக் கொடுத்து "நீயே சொல்லுக்கா" என்று விட்டிருந்தேன். "காலையில இருந்து மேலு காயுது" என்று சொல்லியிருக்கிறார். அது "மேலே காயுது" என்று எழுதிக்கொண்டு, மாடியில் துணி காயப்போட்ட சோர்வாக இருக்கலாம், ஓய்வெடுங்கள் என்று பதில் கொடுத்திருக்கிறது. நான் வீட்டுக்கு வந்து தொட்டுப் பார்த்தபோது உடம்பு கொதித்தது. தெர்மாமீட்டரில் 101. அன்று இரவே அட்மிஷன். மேலுக்கு முடியவில்லை, மேலு காயுது என்று உடம்பைத்தான் நாம் காலங்காலமாகச் சொல்வது அந்த ஆப்புக்குத் தெரிந்திருக்கவில்லை.

அதிலிருந்து நான் செய்யும் முதல் வேலை, வீட்டுப் பேச்சை ஆப்புக்குச் சொல்லிக் கொடுப்பது. இப்படி எழுதி, அது நினைவில் வைத்துக்கொள்ளும் இடத்தில் சேமியுங்கள், அப்படி ஓர் இடம் இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் மேலே ஒட்டுங்கள்: "எங்கள் வீட்டில் 'மேலு காயுது' என்றால் காய்ச்சல். 'வயித்தால போகுது' என்றால் வயிற்றுப்போக்கு. 'கிறுகிறுன்னு வருது' என்றால் தலைசுற்றல். 'வாய் வெந்து போச்சு' என்றால் வாய்ப்புண். 'ஓமட்டுது' என்றால் குமட்டல். நான் சொல்வதைத் தேதி போட்டுத் தொகுத்து மட்டும் கொடு. ஆலோசனை சொல்லாதே, காரணம் ஊகிக்காதே. காய்ச்சல் என்று சொல்லி எண் சொல்லாவிட்டால், எத்தனை டிகிரி என்று மட்டும் கேள்."

"ஆலோசனை சொல்லாதே" என்று தடுப்பது கொஞ்சம் கடுமையாகத் தெரியலாம். ஆனால் இந்த ஆப்புகளுக்கு ஆறுதல் சொல்லும் பழக்கம் அதிகம். "இது சாதாரணம்தான், கவலைப்பட வேண்டாம்" என்ற ஒரு வரி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் கால்களைக் கட்டிப்போட்டுவிடும்.

தினமும் சொல்ல வேண்டியவை அதிகமில்லை. காய்ச்சல் அளவு, வாந்தி எத்தனை தடவை, வயிறு எத்தனை தடவை போனது அல்லது எத்தனை நாளாகப் போகவில்லை, தண்ணீர் எத்தனை டம்ளர், வாய்ப்புண்ணும் வலியும் பத்துக்கு எத்தனை, கைகால் மரத்துப்போவது உண்டா. எடை வாரம் ஒருமுறை போதும். "பரவாயில்லை", "கொஞ்சம் தேவலை" என்று எழுதினால் டாக்டருக்குப் பயன்படாது, எண்ணிக்கை வேண்டும். பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து எடுப்பவர்கள் மரத்துப்போவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். சட்டைப் பித்தான் போட முடிகிறதா, கால் செருப்பு கழன்றது தெரிகிறதா என்று கேட்டு எழுதுங்கள். அது கூடினால் மருந்தின் அளவைக் குறைப்பதா என்று டாக்டர் யோசிக்க வேண்டியிருக்கும்.

தேதியோடு "நாள் எண்" போடுங்கள். கீமோ ஏறிய நாள், நாள் 1. போன சைக்கிளில் நாள் 4-ல் வந்த வாந்தி இந்த முறையும் நாள் 4-ல் வர வாய்ப்பு உண்டு. தெரிந்தால் டாக்டர் முன்கூட்டியே மருந்து மாற்றித் தருவார். ஆனால் நாள் எண்ணை ஆப் கணக்கிட்டால் நம்பாதீர்கள், மாதம் மாறும்போது தடுமாறும். சுவரில் தொங்கும் காலண்டரில் பேனாவால் நீங்களே எண் போடுங்கள்.

நாள் 7 முதல் 14 வரை சிவப்பு வட்டம். அந்த நாட்களில் காலையும் மாலையும் காய்ச்சல் பார்க்க வேண்டும். கல்யாண வீடு, கிடா வெட்டு, கோயில் கூட்டம் எதுவும் வேண்டாம். சித்திரைத் திருவிழா அந்த வட்டத்துக்குள் விழுந்தால் இன்னொன்றையும் யோசித்து வையுங்கள்: அழகர் ஆற்றில் இறங்கும் சமயத்தில் கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது. நீங்கள் பார்ப்பது அந்தப் பக்கம் இருக்கும் பெரியாஸ்பத்திரி (அரசு ராஜாஜி மருத்துவமனை) என்றால் அவசரத்துக்கு எந்த வழியாக வருவது என்று வார்டிலேயே முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள். மேப் ஆப் அன்றைக்குத் திறந்திருக்கும் வழியைத்தான் காட்டும் என்று சொல்ல முடியாது.

7. ரத்த ரிப்போர்ட்டைப் படிக்க வைப்பது

கீமோவுக்கு முன்பு "கவுண்ட்", அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை பார்ப்பார்கள். ரிப்போர்ட்டை ஆப்பிடம் கொடுத்து அர்த்தம் கேட்பது தப்பில்லை. ஆனால் எண்களில் இரண்டு பொறி இருக்கிறது.

ஒன்று, தட்டணு, அதாவது ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட். ஒரு லேபில் "0.9 லட்சம்" என்று இருக்கும், இன்னொன்றில் "90,000", மற்றொன்றில் வெறும் "90". மூன்றும் ஒன்றுதான். லேப் மாறியபோது ஓர் ஆப் இதைப் பார்த்து "மிகக் கடுமையான வீழ்ச்சி" என்று பயமுறுத்தியது. அதனால் எண்ணோடு அலகையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இரண்டாவது, மொத்த வெள்ளணுவை மட்டும் பார்த்து நிம்மதியடைவது. டாக்டர் பார்ப்பது ஏ.என்.சி., அதாவது கிருமியோடு சண்டை போடும் நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை. மொத்த வெள்ளணு 2,100, நியூட்ரோஃபில் 40 சதவீதம் என்றால் ஏ.என்.சி. 840. இது 500-க்குக் கீழே போனால் ஆபத்தான எல்லை. கால்குலேட்டரில் நீங்களே பெருக்கிப் பாருங்கள். கீமோ தள்ளிப்போகுமா என்று ஆப்பிடம் கேட்க வேண்டாம். அதை முடிவு செய்யும் ஆள் அந்த அறைக்குள் இருக்கிறார்.

8. எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்

கேள்வியோடு மருந்தின் பெயரையும் நாள் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்தை எல்லாரும் "செவப்பு மருந்து" என்பார்கள். அது ஏறிய ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போவது மருந்தின் நிறம். மருந்தைச் சொல்லாமல் "சிறுநீர் சிவப்பாகப் போகிறது" என்று மட்டும் கேட்டால் ரத்தம், சிறுநீரகம் என்று ஆப் நடுங்க வைத்துவிடும். மூன்றாம் நாளுக்குப் பிறகும் சிவப்பாகவே போனால் வார்டுக்குப் பேசுங்கள்.

பதிலை உங்கள் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்காதீர்கள். "கீமோவோடு கஷாயம் கொடுத்தால் நல்லதுதானே?" என்று கேட்டால், நல்லதுதான் என்று தலையாட்டும் பதில் வர வாய்ப்பு அதிகம். "இந்த மருந்தோடு இந்தக் கஷாயம் சேரக் கூடாது என்பதற்கு என்ன காரணங்கள் இருக்கலாம்?" என்று திருப்பிக் கேளுங்கள். சில மூலிகைகள் கல்லீரல் மருந்தைக் கையாளும் வேகத்தையே மாற்றிவிடும் என்பது அப்போது வெளியே வரும். அந்தப் பதிலையும் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் கஷாயச் சட்டியை அடுப்பில் வைக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு நல்ல உதவி கிடைக்கும், நம் சமையலறையில் இருப்பதைச் சொன்னால். சொல்லாவிட்டால் அவகாடோ, கினோவா என்று பட்டியல் வரும். "வாய்ப்புண் இருக்கிறது, காரம் ஆகாது. இட்லி, கேழ்வரகுக் கூழ், பருப்பு, முட்டை, கோழி இருக்கிறது. எல்லாமே நன்றாக வெந்ததாக இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு சின்னச் சாப்பாடு போடு" என்று கேளுங்கள். "நன்றாக வெந்தது" என்பது அவசியம். உடம்புக்கு நல்லது என்று பச்சைக் காய்கறி சாலட்டைச் சொல்லும் பொது அறிவு, கவுண்ட் இறங்கிய வாரத்தில் பொருந்தாது. வெட்டி வைத்த பழம், ரோட்டுக்கடைச் சட்னி, ஜிகர்தண்டா எல்லாம் கவுண்ட் ஏறும்வரை பொறுக்கட்டும். சர்க்கரை நோயோ சிறுநீரகத் தொந்தரவோ இருந்தால் பட்டியலை அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள்.

எந்தச் சிகிச்சை நல்லது, மருந்தின் அளவைக் கூட்டலாமா, ஒரு சைக்கிளை விட்டுவிடலாமா என்ற கேள்விகள் வேண்டாம். 2023-ல் ஜாமா ஆன்காலஜி என்ற புற்றுநோய் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில் சாட்ஜிபிடியிடம் 104 விதமாகப் புற்றுநோய்ச் சிகிச்சை பற்றிக் கேட்டுப் பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பதில்களில், ஏற்கப்பட்ட சிகிச்சை நெறிமுறைக்குப் பொருந்தாத ஒன்றாவது கலந்திருந்தது. சரியானதுக்கு நடுவில் தவறானதும் அதே தைரியத்தோடு உட்கார்ந்திருப்பதுதான் தொல்லை, நமக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆப்புகள் அதற்கப்புறம் மாறியிருக்கின்றன, பிரித்துப் பார்க்க முடியாத நாம் மாறவில்லை.

ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் நோயாளி ஆப்பிடம் பேசிக்கொண்டிருந்தால் பிடுங்காதீர்கள். வீட்டாரிடம் சொல்ல முடியாததை அங்கே சொல்கிறார். ஆனால் வாழ்க்கையே வேண்டாம் என்கிற பேச்சு எங்கே வந்தாலும் மனிதர் வேண்டும். மனநல உதவிக்கான டெலிமனாஸ் 14416, தமிழ்நாட்டின் மருத்துவ உதவி எண் 104, இரண்டும் இலவசம். தாளில் அந்த எண்களையும் எழுதுங்கள்.

9. டாக்டர் அறைக்குள் போகும் முன்

உங்களுக்குப் பின்னால் வரிசையில் நாற்பது பேர் நிற்கிறார்கள். போனைத் திறந்து, மேலே தள்ளிக்கொண்டே "ஒரு நிமிஷம் சார்" என்றால் அதுவே உங்கள் நேரம். முதல் நாள் இரவு ஆப்பிடம் இப்படிக் கேளுங்கள்: "இந்த மூன்று வாரக் குறிப்பை எட்டு வரிக்குள் சுருக்கு. முதல் வரியில் காய்ச்சல் வந்த நாட்கள். அடுத்து மூன்று பெரிய தொந்தரவு, நாள் எண்ணோடு. விட்டுப்போன மாத்திரைகள். எடை மாற்றம். கடைசியில் மூன்று கேள்வி மட்டும்."

வந்ததை மாலைக் குறிப்போடு சரிபாருங்கள். ஒருமுறை, அக்கா "வாந்தி வரல" என்று சொன்ன நாளையும் வாந்தி வந்த நாளாகச் சேர்த்திருந்தது. சரியென்றால் தாளில் கையால் எழுதுங்கள், அல்லது ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுங்கள். தாளை டாக்டர் வாங்கிப் படிப்பார், ஃபைலில் சொருகுவார். போனை வாங்கிப் படித்த டாக்டரை நான் பார்க்கவில்லை.

டாக்டர் சொல்வதைப் பதிவு செய்ய ஆசையிருந்தால் முதலில் அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால், வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த அந்த நிமிஷமே அவர் சொன்னதை உங்கள் குரலில் ஆப்பிடம் சொல்லிவிடுங்கள். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும் நேரத்துக்குப் பாதி மறந்துபோகும்.

10. கடைசி சைக்கிளுக்குப் பிறகு

ஆப்பில் இருக்கும் குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக எடுத்து, டிஸ்சார்ஜ் சம்மரிகளின் படங்களோடு சேர்த்து வீட்டில் இரண்டு பேர் போனில் வையுங்கள். ஆப்பில் இருக்கும் உரையாடலை அழித்துவிடலாம். சம்மரிகளில் ஒவ்வொரு மருந்தின் அளவும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் வார்டில் கேட்டு வாங்குங்கள். டாக்சோரூபிசின் இதயத்தைப் பாதிக்கக்கூடியது, வாழ்நாள் முழுக்கச் சேர்த்து இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று அதற்கு ஒரு வரம்பு உண்டு. பத்து வருஷம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டர் "முன்னாடி எவ்வளவு ஏறியிருக்கு?" என்று கேட்டால் பதில் அந்தக் கோப்பில் இருக்க வேண்டும்.

மாத்திரை அலாரங்களை ஒவ்வொன்றாக டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள். கீமோ முடிந்தும் சில மாத்திரைகள் தொடரும், ஹார்மோன் மாத்திரை என்றால் வருஷக்கணக்கில் போகும். எங்கள் வீட்டில் காலை எட்டு மணி அலாரம் இன்னும் அடிக்கிறது. அதன் பெயர் இப்போது "வெள்ளை அட்டை, 1".